31 சதவீதத்துக்குள் ஒரு வீடு

2009-ல் சென்னை ஓ.எம்.ஆரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வீட்டுக் கடன் ஃபைல்களைப் பார்ப்பது என் வேலை. தவணை கட்ட முடியாதவர்கள் ஃபேக்ஸில் அனுப்பும் காகிதங்கள் நைட் ஷிஃப்டில் எங்கள் திரைக்கு வரும். கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா, ஃப்ளோரிடா என்று அதே பெயர்கள். இரண்டு வருடம் குறைந்த வட்டி, அப்புறம் ஏறும் வட்டி என்று வாங்கிய கடன்கள் நிறைய. ஏறுவதற்குள் வேறு கடனுக்கு மாறிவிடலாம் என்பது கணக்கு. விலை சரிந்ததும், வீட்டை விற்றாலும் கடன் அடையாது என்ற நிலை.

விலை எப்போது திரும்பும் என்று பேச டி.வி.யில் ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்கு நம்பிக்கை என்றால் 31 சதவீதம்தான். ஒபாமா அரசு அந்த வருடம் கொண்டுவந்த ஹேம்ப் (HAMP) என்ற தவணைக் குறைப்புத் திட்டத்தில், வரி, காப்பீடு சேர்த்து மாதத் தவணை மொத்த வருமானத்தில் அவ்வளவுக்கு இறங்க வேண்டும். வருமானம் 4,000 டாலர் என்றால் தவணை 1,240. முதலில் வட்டியை 2 சதவீதம் வரை குறைத்துப் பார்ப்போம். போதாவிட்டால் கடன் காலத்தை 40 வருடம் வரை நீட்டுவோம். அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கடைசிக்குத் தள்ளுவோம். முதல் படியிலேயே கணக்கு தேறிவிட்டால் அன்றைக்கு கேண்டீன் டீகூட நன்றாக இருக்கும்.

ஏன் கட்ட முடியவில்லை என்று அவர்களே எழுதிய கடிதமும் ஃபைலில் இருக்க வேண்டும். கூரை வேலை செய்யும் ஒருவர், 'புது வீடு யாரும் கட்டுவதில்லை, எனக்கு வேலை இல்லை' என்று இரண்டே வரி எழுதியிருந்தார். செலவுப் பட்டியலில் கேபிள் டி.வி.யை அடித்துவிட்டு, நாய்த் தீனி 20 டாலரை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

கணக்கைவிடக் காகிதம்தான் ஆளைக் கொன்றது. சம்பளச் சீட்டு கொடுத்தால் கையெழுத்து இல்லை என்போம். கையெழுத்து வருவதற்குள் சம்பளச் சீட்டு பழசாகியிருக்கும். ஒரு பக்கம் நாங்கள் தவணையைக் குறைக்கக் கணக்குப் போட, அதே வீட்டை இன்னொரு பிரிவு ஏலத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர், "ஒவ்வொண்ணா கேட்டா மனுஷன் வெறுத்துடுவான்டி, மொத்தமா கேளு" என்பார். குறைகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அனுப்ப அவர் மேலதிகாரிகளோடு சண்டை போட்டார். டார்கெட் அடிபடும் என்று முனகினார்கள். அடிபடத்தான் செய்தது. ஆனால் முழுசாகத் திரும்பி வந்த ஃபைல்கள் கூடின.

30, 40 லட்சம் குடும்பங்களைக் காப்பாற்றுவோம் என்று அறிவித்த திட்டம் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. உள்ளே இருந்து பார்த்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

மூன்று மாதச் சோதனைத் தவணைகள் சரியாக விழுந்தால்தான் குறைத்த தவணை நிரந்தரமாகும். கூரைக்காரரின் மனைவிக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அவர்கள் ஃபைல் தேறியது. இரண்டாவது தவணை வரை பார்த்தேன். அதற்குள் என்னை ஷார்ட் சேல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்க வங்கி சம்மதிக்குமா என்று பார்க்கும் இடம் அது. அங்கேயும் முதல் வேலையாக அக்காவின் பட்டியலைத்தான் கொண்டுபோனேன்.