பர்னபாவும் எழுந்து போனார்

பைபிளில் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், பவுலின் தோழரான பர்னபாவின் பெயர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன்.

மோசேயின் நியாயப்பிரமாணமா, தேவனுடைய கிருபையா என்றுதான் அந்த அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சரி, ஆனால் அங்கே சண்டை வெடித்தது சாப்பாட்டில். கி.பி. 50ஐ ஒட்டிய வருடங்கள், சிரியாவிலுள்ள அந்தியோகியா. யூத விசுவாசிகளும் விருத்தசேதனம் இல்லாத, யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள், ஊருக்கு வந்திருந்த பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அப்புறம் எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வருகிறார்கள், புறஜாதியாரோடு பந்தியில் உட்காருவதை யூதச் சட்டங்களுக்கு விரோதமாகப் பார்க்கிறவர்கள். பேதுரு ஒதுங்க ஆரம்பிக்கிறார். கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல், படாரென்று எழுந்து போனதாக இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே இருந்த தொனியில் இருக்கிறது. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்தவர் இன்று தள்ளி உட்காருகிறார், நாளைக்கு வரவே மாட்டார். மற்ற யூதர்களும் பின்னாலேயே போனார்கள். கடைசியில் பர்னபாவும். எருசலேமில், சவுல் என்ற பெயரோடிருந்த பவுலைக் கண்டு எல்லாரும் பயந்தபோது அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிப்போன அதே பர்னபா, தர்சுவுக்குப் போய்த் தேடிப்பிடித்து இந்த அந்தியோகியாவுக்கே அவரைக் கூட்டிவந்த பர்னபா.

பவுல் எல்லார் முன்பாகவும் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். நான் பவுல் பக்கம்தான். பாதி காலியான அந்தப் பந்தியில் மிச்சம் உட்கார்ந்திருந்த புறஜாதியாருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் எருசலேமிலிருந்து வந்தவர்களைக் கெட்டவர்களாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அந்தச் சட்டங்கள் ரத்தம் கொடுத்துக் காப்பாற்றியவை. கி.மு. 167 வாக்கில், யூதேயாவை ஆண்ட கிரேக்க ராஜா நான்காம் அந்தியோக்கஸ் விருத்தசேதனத்தைத் தடை செய்து, பிள்ளைகளுக்கு அதைச் செய்வித்த தாய்மாரைக் கொன்றான். பன்றி இறைச்சியைச் சாப்பிட மறுத்த எலயாசர் என்ற முதியவரை அடித்தே கொன்றதாக மக்கபேயர் நூல் சொல்கிறது. அந்த ராஜாவின் தலைநகரம் இதே அந்தியோகியாதான். அந்த ஊரிலேயே போய்ச் சாப்பாட்டு விதியைத் தளர்த்து என்றால் அவர்கள் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்?

பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் எழுதாமல் இருந்திருப்பாரா? அடுத்த பயணத்தில் பவுலோடு போனது சீலா. பர்னபா, மாற்கு என்ற உடன் ஊழியரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி சீப்புரு தீவுக்குப் போய்விட்டார். மாற்குவைக் கூட்டிப்போவதில் வந்த தகராறு என்று அப்போஸ்தலர் நடபடிகள் காரணம் சொல்கிறது. எனக்கென்னவோ, அந்தப் பந்தியிலேயே ஏதோ முறிந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.