வேற போன்ல இருந்து கூப்பிடுங்க

குன்னூரில் 18 வருடமாக சிசிடிவி மாட்டுகிறேன். அதற்கு முன் கேபிள் டிவி லைன். கேமரா வைப்பதுதான் தொழில். எங்காவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடிக் கொடுப்பது பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வைக்கத் தெரிந்தவனுக்கு எடுக்கவும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

"அண்ணா, எங்களை யாரோ பாக்கறாங்க" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இந்தப் போன்ல மேற்கொண்டு எதுவும் பேசாதீங்க, வேற யாராவது போன்ல இருந்து கூப்பிடுங்க. அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். அப்புறம் சொல்கிறேன்.

சீசனில் வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஹோம்ஸ்டே அறைகளிலிருந்து. பலர் கையில் ஆன்லைனில் வாங்கிய டிடெக்டரோடு நிற்பார்கள். அது ரேடியோ அலையைப் பிடித்து பீப் அடிக்கிற கருவி. எங்கள் ஊர்ப் பள்ளங்களில் டவர் சரியாக எட்டாது. எட்டாத டவரைப் பிடிக்க போன் கூடுதல் பலத்தோடு கத்தும். பாக்கெட்டில் இருக்கிற சொந்தப் போனுக்கே கருவி அலறுவதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. மெமரி கார்டில் மட்டும் பதிகிற கேமராவோ எந்த அலையையும் வெளியே விடாது. அதன் முன்னால் கருவி வாயே திறக்காது.

நான் நம்புவது டார்ச்சை. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் புருவத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, படுக்கையும் குளியலறையும் தெரிகிற இடங்களை நிதானமாக வருடிக்கொண்டே வரவேண்டும். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை போல ஒரு பொட்டு மினுங்கும். ரொம்ப நாள் ஓட வேண்டிய கேமராவுக்குக் கரண்ட் வேண்டும். அதனால் பிளக் பாயின்ட், அடாப்டர், கடிகாரம், புகை அலாரம் எல்லாம் முதலில். இத்தனை வருடத்தில் நிஜமாகவே கிடைத்தது இரண்டு தடவை. பின்னது ஒரு சார்ஜர் அடாப்டருக்குள். கழற்றவில்லை, அதன் முன்னால் ஒரு துண்டை மறைத்துக் கட்டிவிட்டு போலீசுக்குப் போன் அடித்தோம். பெண்களை அப்படிப் படம் எடுப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே 1 முதல் 3 வருடம் வரை சிறை.

நான் வைத்த கேமராவே ஒருவருக்குப் பயமாகிப் போனதும் உண்டு. ஒரு எஸ்டேட் பங்களா கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற லைன் வீட்டு அக்கா ஒருவர் ஏணியடியில் வந்து நின்றார். "தம்பி, இது எங்க குழாயடியைப் பாக்குமா?" பாக்காதுக்கா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய் மானிட்டரைப் பார்த்தால், இடது மூலையில் குழாயடி, துணி துவைக்கிற கல், எல்லாம் பளிச்சென்று. கேமரா படத்தைப் பதிகிற பெட்டியான டிவிஆரில் வேண்டாத இடத்தைக் கருப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம். மறைத்தேன். ஆனால் நான் கிளம்பினதும் அந்தக் கட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே? ஏணி ஏறி கேமராவையே திருப்பினேன். அக்காவைக் கூட்டிவந்து திரையைக் காட்டினேன். பங்களாக்காரர் முகம் சரியில்லை. அது போகட்டும்.

இப்போது அந்தக் கூச்சக் கதை. ஒரு பேக்கரியில் வேலை செய்த பெண். எங்கே போனாள், யாரிடம் என்ன பேசினாள் என்று கணவர் அச்சுப்பிசகாமல் திருப்பிச் சொல்கிறாராம். அவள் போனைத் திறந்து பார்த்தேன். ஏதோ சிஸ்டம் சமாச்சாரம் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு செயலி. மெசேஜ், மைக், லொகேஷன் எல்லாவற்றுக்கும் அனுமதி. ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு, "இனி பயப்படாதீங்க" என்று பெருமையாக வேறு சொன்னேன். அவள் என்னைக் கூப்பிட்டதும் அதே போனில்தான். அன்று ராத்திரி எனக்கே போன் வந்தது. "நீதான் அந்த கேமராக்காரனா?" மறுநாள் அவள் கையில் கட்டோடு அம்மா வீட்டில் இருந்தாள். ஸ்டேஷனில் ஆதாரம் கேட்டார்கள். இருந்த ஒரே ஆதாரத்தை அழித்தது நான்.

அதற்குப் பிறகு எதையும் உடனே எடுப்பதில்லை. இது நின்றுபோனால் இன்றைக்கு ராத்திரி உங்களுக்கு ஆபத்து வருமா, போக இடம் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. பிறகு, இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்து வைப்பது. 181 பெண்கள் உதவி எண், 1930 சைபர் குற்ற எண், இரண்டையும் எழுதிக் கொடுப்பேன். ஒரு பெண்ணின் இன்டர்நெட், இமெயில், மெசேஜைக் கண்காணிப்பது அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவில் வருகிறது என்பதையும் சொல்வேன். சொல்லப்போனால் உளவுச் செயலி கிடைப்பதே அபூர்வம். தன் வாட்ஸப் வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டுகிற 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். இல்லையென்றால், புதுப் போன் வாங்கிய அன்று கணவரே ஆசையாகப் போட்டுக் கொடுத்த கூகுள் கணக்கு. பாஸ்வேர்டு அவர் கையிலும் இருக்கும்.

எதுவுமே கிடைக்காத வீடுகள்தான் கஷ்டம். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒருவர், தனியாக இருக்கிறார். ராத்திரியில் தன் மேல் லைட் அடிக்கிறார்கள், சுவருக்குள் பேச்சுச் சத்தம் கேட்கிறது என்றார். செக்ரோல் என்கிற வேலையாட்கள் வருகைப் பதிவேடு எழுதின கை அல்லவா, பழைய நோட்டில் கோடு போட்டு நேரம் குறித்து வைத்திருந்தார். 11.40, 12.15, 2.05. மூன்று மணி நேரம் சுவிட்ச் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் உங்க மனசுலதான் சார்" என்றேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மகள் பெங்களூரிலிருந்து பேசினார். "ஒரு சிப்பை எடுத்த மாதிரி காட்டிடுங்களேன் அண்ணா, அப்பா நிம்மதியாயிடுவார்." இப்படிக் காட்டியே சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு நான் ஒன்றை எடுத்தால், வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடாதா? மாட்டேன் என்றேன். அதற்குப் பதில் ஒரு ராத்திரி அங்கே போய் உட்கார்ந்தேன்.

11.40-க்கு லைட் வந்தது. பீரோ மேல் விழுந்து, உத்தரத்தில் ஊர்ந்து, சாமி படத்தில் போய் அணைந்தது. கீழ் ரோட்டில் வளைவு திரும்புகிற வண்டி. போன மழையில் வளைவோரத்துக் கற்பூர மரம் சாய்ந்த பிறகு ஹெட்லைட் நேரே ஜன்னலுக்குள் வருகிறது. அவரைக் கைப்பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம்.

"லைட் சரி தம்பி. பேச்சுச் சத்தம்?"

"எனக்குக் கேக்கலைங்க சார். உங்களுக்குக் கேக்குதுன்னா கேக்குது. தூக்கம் எப்படி?"

இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகமாம். அது என் டார்ச்சுக்கு எட்டாத விஷயம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதினேன். காசில்லை, தமிழிலேயே பேசலாம். பைத்தியக்கார டாக்டரா என்று முறைத்தார். தூக்கத்துக்கு என்று சொல்லித்தான் மகள் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முதலில் காதைத்தான் பரிசோதித்தார்களாம்.

ஜன்னலுக்குக் கெட்டியான திரை ஒன்று நானே தைத்து வாங்கிப் போட்டேன். போன வாரம் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டார். மொபைலை அவர் இன்னும் நம்பவில்லை. மூடுபனிக்குத் திரை பூஞ்சை வாடை அடிக்கிறதாம், வேறு மாற்ற வேண்டுமாம். வைக்கப்போகும்போது சொன்னார்: "அந்த ரெண்டு மணிக்கு வர்றது கேரட் லாரி தம்பி. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்லை."