அளவி இல்லாத வீட்டுக்கு நியமிப்புப் பாடம்

முல்லைத்தீவின் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டில் இருந்தபடி போனில் உயர்தர இரசாயனம் படிக்கும் பிள்ளைக்கு நியமிப்பைப் (செறிவு தெரிந்த கரைசலை ஊற்றி மற்றதன் செறிவை அறிவது) படிப்பிக்க மெய்நிகர் ஆய்வுகூடம் நல்ல வழி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கெம்கலெக்டிவ் இலவசமானது; அளவி (பியூரெட்), குழாயி (பிப்பெட்), குடுவை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே கருவி எதுவும் பிழைவிடாது. பிழை நேரும் இடங்களை ஆசிரியர்தான் பாடத்துக்குள் வைக்கவேண்டும்.

முதல் வகுப்பில் கெம்கலெக்டிவில் கரைசல் ஊற்றும் முறையைத் துல்லியமானதாக வைத்துக்கொள்ளுங்கள். குடுவையில் 25.00 மி.லீ ஐதரோக்குளோரிக்கமிலம், செறிவு 0.100 மோலர்; அளவியில் அதே செறிவில் சோடியமைதரொட்சைட்டு. அலுமாரியில் உள்ள கரைசலைப் பிள்ளைகளே ஐதாக்கி எடுக்கட்டும். 0, 10, 20, 24.95, 25.00, 25.05, 30 மி.லீயில் மட்டும் பீஎச் (அமில கார அளவு) குறித்தால் போதும். 24.95இல் பீஎச் 4, 25.05இல் 10. அளவியில் இருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லீ. இரண்டே துளியில் ஆறு அலகு ஏறுவதைத் தானே கண்ட பிள்ளை, முடிவுப் புள்ளியில் ஏன் துளித்துளியாக விடவேண்டும் என்று பிறகு கேட்காது.

அடுத்து அதே செறிவில் அசற்றிக்கமிலம். மெதைல் செம்மஞ்சள் என்ற காட்டியின் (நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருள்) நிறமாற்றம் 4.4உடன் முடிந்துவிடும், அந்தப் பீஎச் இங்கே 8 மி.லீ அளவிலேயே வந்துவிடுகிறது. அமிலமும் காரமும் சரியாகச் சமப்படும் சமவலுப் புள்ளியோ 25 மி.லீயில், பீஎச் ஏறத்தாழ 8.7. அதனால்தான் அந்த அளவில் நிறம் மாறும் பினோத்தலீன் இங்கே ஏற்ற காட்டி. இதை முன்கூட்டியே சொல்லவேண்டாம், பிள்ளை பிழையான காட்டியைத் தெரிந்து தடுமாறட்டும். உண்மையான கூடத்தில் இப்படி இரசாயனத்தைச் செலவழிக்க விடமாட்டோம். திரையின் பெரிய பலன் இதுதான்.

இரண்டாம் வகுப்பில் நிஜம் போல ஊற்றும் முறைக்கு மாறுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஊற்றும், விட்டால் நிற்கும். சற்றுப் பிந்தினால் கூடிவிடும். அதன் பின், கெட்ட வாசிப்புகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். 25.40, 25.00, 25.05 என்றால் முதலாவதில் நுனியில் இருந்த வளிக்குமிழி வெளியேறியிருக்கலாம். அதை நம்பிக் கணித்தால் அமிலம் 0.1016 மோலர், 1.6 சதவீதம் கூட. 25.60, 25.95, 25.70 என்று எல்லாமே கூடினால் குடுவையை அமிலத்தாலேயே அலசினார்களா என்று பார்க்கவேண்டும்.

கைப்பழக்கம் திரையில் வராது. அதற்கு 5 மி.லீ சிரிஞ்சும் வெற்றிலைச் சுண்ணாம்பும் போதும். ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பை அரை லீற்றர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்க விட்டுத் தெளிவை எடுங்கள். வினாகிரி 5 மி.லீயை 100 மி.லீ ஆக்குங்கள். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்தால் காட்டி தயார். 10 மி.லீ தெளிநீரில் இரண்டு துளி மஞ்சள் விட்டால் சிவக்கும். வினாகிரி 10 முதல் 13 மி.லீ போனதும் மஞ்சளாகும். ஆறுதலாகச் செய்தால் காரத்தில் மஞ்சளின் நிறமே அழியும், காற்றின் காபனீரொட்சைட்டுத் தெளிநீரையும் கலங்கவைக்கும். வினாகிரியை ஐதாக்க மழைத்தண்ணீர் நல்லது. வன்மையான கிணற்று நீரில் உள்ள இருகாபனேற்று, அமிலத்தில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

சிக்னல் கிடைக்காத பிள்ளைகளுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) மாதிரிப் பரிசோதனைகள் உதவும். அவற்றின் எச்டிஎம்எல் கோப்பை ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே ஓடும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம். திறந்ததும் வெறும் திரை வந்தால் குரோமில் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஜாவா பதிப்புகள் போனில் ஓடாது. அமில கார நியமிப்பு அதில் இல்லை. செறிவு, பீஎச் அளவுத்திட்டம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள்.

துல்லிய முறையில் எல்லாருக்கும் ஒரே விடை வரும் என்பதால் பார்த்தெழுதுவது தெரியாது. மாணவர் சுட்டெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் வேறு செறிவு கொடுங்கள்: கடைசி இலக்கம் 3 என்றால் 0.13 மோலர், 7 என்றால் 0.17. ஸ்கிரீன்ஷொட்டை வாங்காமல், கொப்பியில் எழுதிய வாசிப்பையும் கணிப்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.