ஏழு ஏக்கரும் ஒரு கைவண்டியும்

டோர் அண்ட் டோட்லி என்பது ஒரே நிலையத்தின் பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. அன்று அங்கே இறங்கியது நாங்கள் இரண்டு பேரும் நாயோடு ஒரு பெரியவரும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, மழையை இறக்கலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. "இந்த ஷூ சரிப்படாதுன்னு நேத்தே சொன்னேன்" என்று கூட வந்தவன் ஆரம்பித்தான். ஏழெட்டு கிலோமீட்டர்தான், லேசான ஏற்றம் என்று சமாதானம் சொன்னேன். அந்த 'லேசான' என்பது பொய். அதற்கான தண்டனையை அன்று முழுவதும் அனுபவித்தேன்.

நாங்கள் தேடிப் போனது டார்பிஷரில் இருக்கும் மில்தோர்ப் என்ற சின்னஞ்சிறு ஊரை. எட்வர்ட் கார்பென்டர் என்ற கவிஞர் 1883இல் அங்கே ஏழு ஏக்கர் நிலம் வாங்கி, வீடு கட்டி, காய்கறி பயிரிட்டு, பின்னாளில் ஜார்ஜ் மெரில் என்ற ஆணோடு வெளிப்படையாகக் குடித்தனம் நடத்தினார். அதுவும் விக்டோரியா ராணி உயிரோடு இருந்த காலத்தில். ஷெஃபீல்ட் ஆவணக் காப்பகத்தில் அவருடைய காகிதங்கள் இருக்கின்றன. ஞாயிறு அது திறந்திருக்காது என்று தெரிந்தேதான் ஞாயிறாகப் பார்த்து வந்தேன். எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டும்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். பன்னிரண்டு வயதில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்ட அனுப்பினால் வாய்க்கால் ஈர மண்ணில் குச்சியால் மயில் வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் மடை உடைந்து பக்கத்துப் பாத்தியெல்லாம் முங்கிவிட்டது. அப்பா ஓடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து மடையை அடைத்தார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை. என்னிடம் வரைவதைத் தவிர வேறொன்றும் வித்தியாசமாக இருக்கிறது என்று எனக்கே தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதையும் நாங்கள் பேசியதில்லை.

அதனால் தோட்டம், கலை, ஆணை விரும்பும் ஆண் என்ற மூன்றும் ஒரே வரியில் வரும் கார்பென்டரைப் பற்றி முதலில் படித்தபோது தூக்கம் வரவில்லை. ஆனால் அவர் கதை என் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தது. தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் படித்துவிட்டு மண்ணை விட்டு ஓடுவோம். அவர் படித்துவிட்டு மண்ணுக்கு ஓடினார். 1844இல் ஹோவ் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் ஆய்வாளர் பதவி, 1870இல் பாதிரியார் பட்டம். வால்ட் விட்மனின் கவிதைகளைப் படித்ததிலிருந்து அந்த அங்கி உறுத்த ஆரம்பித்தது. 1874இல் கழற்றிப் போட்டுவிட்டு வடக்கே தொழிலாளர் ஊர்களுக்கு வானியல் பாடம் சொல்லப் போனார். ஷெஃபீல்டில் ஆல்பர்ட் ஃபெர்னிஹோ என்ற அரிவாள் பட்டறைத் தொழிலாளியும், அவருடைய நண்பர் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற விவசாயியும் பழக்கமானார்கள். பிராட்வேயில் அந்த விவசாயியின் பண்ணையில் தங்கி எரு அள்ளினார், களை எடுத்தார். பகலெல்லாம் மண்வேலை, இடையில் தோட்டத்து மரப்பெட்டி மாதிரி ஒரு குடிலில் உட்கார்ந்து கவிதை. 1882இல் தந்தை இறந்து பணம் கைக்கு வந்ததும் மில்தோர்ப் நிலத்தை வாங்கினார். அந்தக் குடிலையும் ஓடைக்கரைக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்.

அந்தப் பணம் இல்லாத ஒரு தோட்டத்துப் பையன் இதே ஆசையோடு அதே காலத்தில் என்ன செய்திருப்பான் என்ற கேள்வி நடை முழுக்க என்னை விடவில்லை.

ஏனென்றால் சட்டம் அப்படி. ஆணும் ஆணும் உறவுகொண்டதற்கு இங்கிலாந்தில் 1835 வரை தூக்கில் போட்டிருக்கிறார்கள். மரண தண்டனையை 1861இல் எடுத்தார்கள். அப்புறம் 1885இல் லபூஷர் என்ற எம்.பி. கொண்டுவந்த திருத்தம், தனி அறையில் நடந்த எந்த 'அநாகரிகச் செயலுக்கும்' இரண்டு ஆண்டு கடுங்காவல் வரை கொடுக்கலாம் என்றது. பத்து வருடத்தில் அதில்தான் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் மாட்டினார்.

டோட்லியைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. கல்லை மேல் கல்லாகச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிச் சுவர்கள், அவற்றுக்குள் செம்மறிகள். கூட வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான், கோபத்தில் இல்லை, மூச்சு வாங்கியதில். இதே வழியில்தான் 1891இல் ஒரு குளிர்காலத்தில் கார்பென்டர் வீட்டுக்கு நடந்தார். அப்போதுதான் இலங்கை, இந்தியா பயணம் முடித்துத் திரும்பியிருந்தார், வயது நாற்பத்தேழு ஒட்டி. ரயில் பெட்டியில் இருபது சொச்ச வயது இளைஞன் ஒருவனோடு பார்வை பரிமாற்றம். டோட்லியில் இறங்கி நடந்தால் அந்த இளைஞனும் இறங்கிச் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே வருகிறான். அதுதான் ஜார்ஜ் மெரில். ஷெஃபீல்டின் ஏழைத் தெருவில் வளர்ந்தவன், கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவன், நன்றாகப் பாடுவான். பின்னால் வருபவன் போலீஸ் ஆளா, மிரட்டிப் பணம் பறிப்பவனா என்று திரும்பிப் பார்க்கவே பயப்பட வேண்டிய காலம் அது. இவர் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அந்த இலங்கைப் பயணத்தில்தான் நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கார்பென்டருக்குக் கிடைத்த உயிர் நண்பர் கொழும்புத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம், பிற்பாடு 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர். பகவத் கீதையின் மொழிபெயர்ப்பை கார்பென்டருக்கு அனுப்பிவைத்தது அவர்தான். அது தன் கவிதைக்குத் திறவுகோலாக இருந்தது என்று இவரே எழுதியிருக்கிறார். 1890இல் இலங்கைக்குப் போனவரைத் தன் குருவான ராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் அருணாசலம் கூட்டிக்கொண்டு போனார். எண்ணங்களை அடக்கி உட்கார்வது எப்படி என்று வாரக்கணக்கில் பாடம் கேட்டிருக்கிறார் இந்த முன்னாள் பாதிரியார். இதில் எனக்கு ஒரு குசும்பு தோன்றும். ஞானம் கேட்கக் கடல் கடந்து போன அந்தத் தீவில், அவருடைய நாட்டுக்காரர்கள் 1883இல் எழுதி வைத்த தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவு அவர் மாதிரி ஆட்களுக்காகவே காத்திருந்தது. நம் நாட்டு 377க்கு அது தங்கை. 377 நம் கழுத்தை விட்டது 2018இல். அந்தத் தங்கை இன்றும் இலங்கையில் இருக்கிறாள்.

ஹோம்ஸ்ஃபீல்ட் மேட்டில் நின்றால் கார்ட்வெல் பள்ளத்தாக்கு முழுசும் தெரிகிறது. உண்மையிலேயே அழகு, வார்த்தை தேட வேண்டாம். கீழே இறங்கும் சாலையில் கூட வந்தவனின் குதிகால் ஷூ கடித்து ரத்தம் கசிந்தது. பிளாஸ்டர் ஒட்டும்போது, கார்பென்டர் ஷூக்களை 'தோல் சவப்பெட்டிகள்' என்று திட்டிய கதையைச் சொன்னேன். இந்தியாவில் வேலை பார்த்த ஹெரால்ட் காக்ஸ் என்ற நண்பர் காஷ்மீரிலிருந்து ஒரு ஜோடி செருப்பு அனுப்ப, அதைப் பார்த்துப் பார்த்துத் தானே செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டு, நண்பர்களுக்கும் தைத்து விற்றிருக்கிறார். இங்கிலாந்துப் பனியில் திறந்த செருப்போடு! "அந்த ஆளை முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு ஜோடி வாங்கியிருப்பேன்" என்றான் இவன்.

மில்தோர்ப் என்றால் ஒரு ஓடை, சில வீடுகள், ராயல் ஓக் என்ற பழைய மதுக்கடை, அவ்வளவுதான். கார்பென்டரும் மெரிலும் உட்கார்ந்து குடித்த அதே கடை. அவர்கள் வீடு இப்போது வேறு யாரோ வசிக்கும் தனியார் வீடு. அதனால் சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன், படம்கூட எடுக்கவில்லை. நீங்கள் போனாலும் கேட்டைத் தட்டாதீர்கள். நான் சுவரோரமாக நின்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து நிலத்தை மட்டும் வரைந்தேன். ஓடையை நோக்கிச் சரியும் புல்வெளி. ஒரு காலத்தில் இதில் காய்கறி, பழம், பூ எல்லாம் விளைந்தது. குதிரை வண்டியில் ஏற்றி ஷெஃபீல்ட், செஸ்டர்ஃபீல்ட் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றார். கோபி உழவர் சந்தையில் ஒரு கேம்பிரிட்ஜ் பட்டதாரி கத்தரிக்காய் நிறுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

வைல்ட் வழக்கு வந்தபோது இந்தச் சரிவு அவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. ஆணுக்கு ஆண் காட்டும் அன்பைப் பற்றி ஒரு சிறு நூலை 1894இல்தான் மான்செஸ்டரில் தனிச் சுற்றுக்கென்று அச்சிட்டிருந்தார் கார்பென்டர். அடுத்த வருடம் வைல்ட் சிறைக்குப் போனதும் லண்டன் பதிப்பாளர் இவருடைய புதுப் புத்தக ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். எல்லோரும் கடிதங்களை எரித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நிழல் விலகாத 1898இல்தான் மெரில் இங்கே குடிவந்தார். வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரு கைவண்டியில் ஏற்றி, இரண்டு பையன்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, பனிப்புயலில் இதே மேட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் தண்ணீர் பாட்டிலோடு வியர்த்து இறங்கிய மேடு. பெண் இல்லாத வீட்டில் இரண்டு ஆண்கள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று நண்பர்கள் தடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

எனக்கு கார்பென்டரைவிட மெரிலைத்தான் அதிகம் பிடிக்கிறது. அவர் சமைத்தார், பூ வைத்தார், பாடினார், வந்த தத்துவவாதிகளுக்கெல்லாம் டீ போட்டார். இயேசு தன் கடைசி இரவை கெத்செமனே தோட்டத்தில் கழித்தார் என்று யாரோ சொன்னபோது, மெரில் கேட்ட ஒரே கேள்வி: "யாரோட?" பைபிள் வாசனையே இல்லாமல் வளர்ந்த மனிதன் என்று கார்பென்டர் இதைப் பெருமையாகச் சொல்வார்.

1913இல் நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் இங்கே வந்தபோது மெரில் சும்மா ஒரு நொடி அவருடைய பின்பக்கத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே தொட்டாராம். அந்தத் தொடுகை முதுகு வழியாக நேராகத் தன் சிந்தனைக்குள் போனது என்று ஃபார்ஸ்டர் எழுதியிருக்கிறார். அந்தச் சூட்டில் எழுதிய 'மாரிஸ்' நாவலைச் சாகும்வரை பூட்டி வைத்திருந்தார். 1971இல்தான் அது வெளிவந்தது. பெரிய வீட்டுப் பையனும் வேட்டைக்காட்டுக் காவலாளியும் கடைசியில் சேர்ந்து வாழ்கிற கதை. இந்த வீட்டைப் பார்க்காமல் அந்த முடிவு அவருக்குத் தோன்றியிருக்காது.

சரி, ஊர் ஏற்றுக்கொண்டதா? எல்லோரும் இல்லை. 1909இல் ஓப்ரையன் என்பவர் கார்பென்டரின் 'அசிங்கத்தை' அம்பலப்படுத்துவதாகப் பிரசுரம் அடித்துச் சுற்றுவட்டாரத்தில் பரப்பினார். போலீஸ் வரை புகார் போனது. ஊர் அவர்களை விரட்டவில்லை. ஆனால் அதில் வர்க்கமும் இருந்தது என்பது என் கணக்கு. கேம்பிரிட்ஜ் ஐயா ஒருவர், வீட்டு வேலை பார்க்கும் ஆள் ஒருவர் என்று பார்க்க விரும்பியவர்களுக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள வசதியாக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொள்ள ஊருக்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்கை மெரிலின் வறுமை கொடுத்தது. இரண்டு பேரும் மெரில்களாக இருந்திருந்தால் கதை கோர்ட்டில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கூட வந்தவனுக்கு இதில் உடன்பாடு இல்லை. "இருபது வருஷத்துக்கு மேல ஒரே ஊர்ல பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் விட்டிருப்பாங்க" என்றான். ஓடைப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி இதைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டோம். மழை வந்து தீர்த்து வைத்தது.

1922இல் இருவரும் தெற்கே கில்ட்ஃபோர்டுக்குப் போய்விட்டார்கள். மெரில் 1928இல் முதலில் போனார், அடுத்த வருடம் ஜூனில் கார்பென்டர். ஒரே கல்லறை. அதை இன்னொரு பயணத்துக்கு வைத்திருக்கிறேன், நல்ல ஷூ வாங்கிய பிறகு.

திரும்பும்போது நடக்க முடியாது என்று கூட வந்தவன் கையை விரித்துவிட்டதால் டாக்ஸி கூப்பிட்டோம். காத்திருந்த நேரத்தில் அப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு வழக்கம். எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். ஒரு எழுத்தாளர் தோட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"எத்தனை ஏக்கரா?"

"ஏழுங்ப்பா."

"என்ன வெள்ளாமை?"

"இப்ப வெறும் புல்லுதானுங்ப்பா."

"ஏழு ஏக்கராவும் புல்லா?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். தண்ணி இல்லையா என்றார். ஓடையே இருக்கிறது என்றேன். இன்னும் வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

"யாரோட போன?"

பெயரைச் சொன்னேன். போன வருடம் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, ரூம்மேட் என்று சொல்லி, மூன்று நாள் பந்தியில் தண்ணீர் ஊற்றிய அதே பெயர். டாக்ஸி வளைவில் திரும்புவது தெரிந்தது. மழையில் லைனும் சரியில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்தப் பையன் சாப்ட்டானா?" என்றார் அப்பா.