ஸ்வால்பார்டில் களப்பணி: அரசுப் பணியாளர்களுக்கும் அனுமதி தேவையா?

வட துருவத்துக்கு அருகில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நீ-ஓலசுன் குடியிருப்பில், 2008 முதல் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. பனியாற்று ஆய்வுக்காக எங்கள் குழு அங்கே சென்றபோது, அனுமதிகளைப் பெறும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குழுவினர் அனைவருமே அரசு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்; 1920ஆம் ஆண்டு ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இடம்பெற்றிருக்கிறது. எனவே, அனுமதி பெறுவதிலிருந்து அரசு அதிகாரிகளின் பயணத்துக்கு உள்ள விலக்கு நமக்கும் பொருந்தாதா என்று மூத்த விஞ்ஞானி ஒருவர் கேட்டார்.

பொருந்தாது. அந்த உடன்படிக்கை தீவுகளின் மீது நார்வேயின் முழு இறையாண்மையை ஏற்கிறது. பிற நாட்டவர் அங்கே சென்று பணியாற்றலாம், ஆனால் நார்வேயின் சட்டத்துக்கு உட்பட்டே. காவல், மீட்பு, சுற்றுச்சூழல் மேற்பார்வை ஆகிய மூன்றையும் அங்கே நார்வே அரசின் பிரதிநிதியான ஆளுநரின் அலுவலகமே கவனிக்கிறது. பனிப்பிளவில் விழுந்த ஒருவரை மீட்கக் கிளம்புபவர்கள் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியாது. விலக்கு அத்தகைய பணிகளுக்காகவே இருக்கிறது. ஆய்வாளருக்குச் சம்பளம் தருவது அரசா, பல்கலைக்கழகமா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. இது முற்றிலும் சரியான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். அரசு முத்திரை இருந்தால் போதும் என்றாகிவிட்டால், பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் நெருங்கி அமைந்துள்ள அந்தச் சிறு தீபகற்பத்தில் எந்த விதியும் நிற்காது.

முதலில் ஆய்வுத் திட்டத்தை ‘ஸ்வால்பார்டில் ஆய்வு’ எனப்படும் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்தோம். அதன் பிறகு ஆளுநருக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், பனி உருகுவதை அளக்கும் கம்புகளை எங்கே நடுகிறோம், அவற்றை எப்போது அகற்றுவோம், பனிவண்டியை எந்த வழியில் ஓட்டுவோம், மாதிரிகளை எவ்வளவு எடுப்போம் என அனைத்தையும் வரைபடத்துடன் எழுத வேண்டியிருந்தது. “பணிக்குத் தேவையான அளவு” போன்ற அலுவலகச் சொற்றொடர்களை எங்கள் வரைவிலிருந்து நீக்கிவிட்டு, இடத்தையும் நாளையும் குறிப்பிட்டு எழுதினேன். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு வேண்டியவை அந்த விவரங்களே. கொங்ஸ்ஃபியோர்டு என்ற குறுகிய கடல்நுழைவில் உள்ள பறவைச் சரணாலயங்களில் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை நுழையக் கூடாது என்பதால், படகுப் பாதையையும் அதற்கேற்ப வரைந்தோம்.

துப்பாக்கிக்கான ஏற்பாடு தனி. குடியிருப்பைத் தாண்டிச் செல்வோர் பனிக்கரடியை விரட்டும் கருவியை உடன் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்குத் துப்பாக்கியும் எடுத்துச் செல்வதே வழக்கம். உரிமம் இல்லாதவர் அதை வாடகைக்கு எடுக்க ஆளுநரிடம் அனுமதி பெற வேண்டும். அதற்கான நன்னடத்தைச் சான்றை ஊரிலேயே, பயணத்துக்கு வெகு முன்பாகவே பெற்றுவிடுவது நல்லது. நீ-ஓலசுனில் வானொலி அமைதி கடைப்பிடிக்கப்படுவதால் வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை உண்டு. கம்பியில்லாமல் தரவு அனுப்பும் கருவிகளை வைத்திருப்போர் அதைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.