நகல் வேறு, குளோன் வேறு
கும்பகோணத்திலும் திருபுவனத்திலும் பட்டுச்சேலைக் கரைகளைக் கணினியில் வரையும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் ஒரு மாங்காய் உருவை வரைந்து கண்ட்ரோல்-டி அழுத்தினால், நகல் மூலத்தின் மேலேயே பிசகாமல் அமர்ந்துகொள்ளும்; நகர்த்திய பிறகே கண்ணுக்குத் தெரியும். அந்த நகலுக்கும் மூலத்துக்கும் பிறகு எந்தத் தொடர்பும் இராது என்பதால், நெசவாளர் வளைவைச் சற்று மாற்றச் சொன்னால் கரை முழுவதும் ஒவ்வொன்றாகத் திருத்த நேரும், அது வீண் உழைப்பு. ஆல்ட்-டி அழுத்திக் குளோன், அதாவது மூலத்தோடு பிணைந்தே இருக்கும் நகல், எடுத்திருந்தாலோ, மூல மாங்காயின் வளைவைத் திருத்திய உடனே அத்தனையும் மாறிவிடும். குளோன்களைத் தனித்தனியே நகர்த்தவும் சுழற்றவும் தடையில்லை. ஏதேனும் ஒரு மாங்காய் மட்டும் வேறுபட வேண்டுமாயின், அதைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட்-ஆல்ட்-டி அழுத்தினால் பிணைப்பு அறுந்து அது தனி உருவமாகிவிடும். நீண்ட கரைகளுக்கு எடிட் பட்டியலில் உள்ள, குளோன்களை வரிசையாக அடுக்கித் தரும் டைல்டு குளோன்ஸ் வசதியையே நான் பெரிதும் பரிந்துரைப்பேன்.