வாடைக்காலத்தில் மூச்சு வாங்கிய பால் பைத்தான்

பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகைக்கு மூச்சுத்தொற்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதியவை. வெப்பமூட்டிய அறையில் காற்று வறண்டுபோவதுதான் அவர்களின் கவலை. எனவே பெட்டியின் வலைமூடியை மறைக்கவும், தினமும் நீர் தெளிக்கவும், தேங்காய் நார்த்தூளை ஈரமாக வைக்கவும் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராமநாதபுரம் கடற்கரையின் மண்டபம் ஊரில் இருந்துகொண்டு அவற்றை அப்படியே பின்பற்றினால், பெட்டிக்குள் நார்த்தூள் பூசணம் பிடிக்கும், கண்ணாடியில் வழியும் நீர் காயவே காயாது. எங்கள் கரையில் ஈரம் கேட்காமலே வருகிறது; வாடை வீசும் இரவுகளில் குறைவது வெப்பம்தான். ராமநாதபுரத்துக்காரரிடம் வெப்பம் போதவில்லை என்று சொன்னால் சிரிப்பார் என்பது உண்மையே. ஆனாலும் மழை பெய்யும் இரவில், மின்விசிறி சுழலும் அறையில், வெப்பமானி 24 டிகிரிக்கு அருகே இறங்கிவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த இனத்துக்கோ பெட்டியின் ஒரு மூலையில் 31, 32 டிகிரியும், குளிர்ந்த பக்கத்தில்கூட 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பாம்புகளான சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பால் பைத்தான் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனம் என்பதால், 2022இல் வந்த சட்டத் திருத்தத்துக்கும் 2024இன் விதிகளுக்கும் ஏற்ப அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை முடித்த பிறகுதான், வெளிமாவட்டத்தில் இனப்பெருக்கம் செய்து விற்கும் ஒருவரிடமிருந்து என் பாம்பு வந்தது. வந்த வாரத்திலேயே, இரவில் அதன் மூக்கிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. விற்றவரைக் கேட்டபோது, "தோல் உரிக்கப் போகுது தம்பி, அதான் சத்தம்" என்றார்.

அவர் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தோல் உரிப்பதற்கு முன் பழைய தோல் நாசித்துளையை ஓரளவு அடைத்துக்கொள்வதால் சீழ்க்கை வருவது உண்மைதான்; ஆனால் அப்போது கண் பால்பூத்ததுபோல் மங்கியிருக்கும், உடல் நிறம் வெளிறியிருக்கும், தோல் உரிந்து முடிந்ததும் ஒலியும் நின்றுவிடும். என் பாம்பின் கண் தெளிவாகவே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வாயோரத்தில் நுரைக்குமிழ் தெரிந்தது. தலையை மேல்நோக்கி நிமிர்த்தி, வாயைச் சற்றே திறந்து மூச்சிழுத்தது. அந்த நிலைக்கு வந்துவிட்ட பாம்பைப் பயண அலுப்பு என்று விட்டுவைத்து ஒரு வாரம் பார்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன்.

பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளைக் கொண்டே மூச்சை இழுத்து விடுகிறது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. நுரையீரலின் பின்பகுதி இரத்தக்குழாய்கள் குறைந்த வெறும் காற்றுப்பை என்பதால், அங்கே இறங்கிய சளி தேங்கிவிடுகிறது. பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் சுருங்கிப் பெயரளவுக்கே இருக்க, மலைப்பாம்பு போன்ற சில இனங்களில் அது சிறிதாகவேனும் வேலை செய்கிறது. (பாம்பன் வலைகளில் சிக்கும் கடற்பாம்பும் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணிதான், அதன் நுரையீரல் ஏறக்குறைய உடல் நீளத்துக்கும் ஓடுகிறது.) உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தே அமைவதால், குளிரில் கிடக்கும் பாம்பின் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடுகிறது. பயண அழுத்தமும் இரவுக் குளிரும் சேர்ந்தால், சாதாரணமாக வாயில் வாழும் கிருமிகளுக்கே அது போதும்.

பாம்பைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மதுரையில்தான் கிடைத்தார். பருத்திப் பையில் பாம்பை இட்டு, காற்றுத்துளை போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, குளிரூட்டியை அணைத்த வாடகைக் காரில் கொண்டுபோனோம். அவர் வாயைத் திறந்து, கீழ்த்தாடையின் நடுவே தெரியும் மூச்சுத்துளையைச் சுற்றிச் சளி படிந்திருந்ததைக் காட்டினார், எக்ஸ்ரே எடுத்தார், மூச்சுக்குழாயில் சிறிதளவு உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சி, அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார். சோதனை முடிவில் சூடோமோனாஸ் கிருமி வளர்ந்திருந்தது. ஊர்வனவற்றில் அடிக்கடி காணப்படும் இது பல மருந்துகளுக்கு மசியாதது என்பதால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஏதோ ஓர் ஆன்டிபயாடிக்கை நாமே கொடுப்பது வீண் மட்டுமன்று, ஆபத்தும்கூட. செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடலின் முன்பகுதித் தசையில் போட வேண்டும் என்று மருத்துவர் செய்து காட்டினார். பின்பகுதியில் போட்டால் அங்கிருந்து வரும் இரத்தம் சிறுநீரகங்கள் வழியாகச் செல்லக்கூடும், மருந்து உடலில் பரவும் முன்பே வெளியேறிவிடலாம் என்பதே காரணம். கலக்கிய மருந்து வெளியில் தாங்காது. எனவே ஒவ்வொரு வேளைக்கும் உரியதைத் தனித்தனிச் சிரிஞ்சில் பிரித்து உறைபெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுப் பராமரிப்பில்தான் எங்கள் கரையின் தனிச் சிக்கல்கள். தெர்மோஸ்டாட் பொருத்திய வெப்ப விரிப்பு இருந்தும், புயல் எச்சரிக்கை நாட்களில் மின்சாரம் போய்விட்டால் அது வெறும் பாய். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளிப்புறம் ஒட்டி வைத்துச் சமாளித்தேன். நார்த்தூளை எடுத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்ததில் ஈரம் குறைந்தது, சளித்துளியும் எச்சமும் உடனே கண்ணில் பட்டன. நீர் தெளிப்பதை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் வைத்து, பக்கவாட்டுத் துளைகளைக் கூட்டினேன். ஈரப்பதமானி அறுபதுக்குக் கீழே இறங்க அடம்பிடித்ததென்னவோ உண்மை. நோய் தணியும்வரை இரை கொடுக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி, குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கும் நெபுலைசரில் வெறும் உப்புநீரை இட்டுப் பெட்டிக்குள் செலுத்தினேன். கற்பூரவள்ளிச் சாற்றைக் கலக்கலாமே என்றார் பெரியம்மா. தலைவலித் தைலத்தை ஆவியில் விடலாம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டும் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை எரிச்சலூட்டும் என்று மறுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவத்தியும் அந்த அறையிலிருந்து வெளியேறின. அதில்தான் வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஊசிகள் முடியும் முன்பே குமிழ் நின்றது. வாய் திறந்து மூச்சிழுப்பதும் நின்றது. ஆயினும் மருந்தை இடையில் நிறுத்தவில்லை. சற்றுத் தேறியதும் சிறிய எலி ஒன்றைக் கொடுத்தேன். விழுங்கி, கக்காமல் வைத்துக்கொண்டது. அதன் பின் சமையலறைத் தராசில் எடை பார்ப்பதை வாராந்தர வழக்கமாக்கிக்கொண்டேன்.

கிருமி மட்டுமே காரணம் என்று இன்னும் முடிவாகச் சொல்வதற்கில்லை. பால் பைத்தான்களைத் தாக்கும் நிடோவைரஸ் வகைத் தொற்று 2014இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. அதுவும் இதே அறிகுறிகளைக் காட்டும், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, பாம்பு தேறியதுபோல் தோன்றிய பிறகும் பிறவற்றுக்குப் பரவக்கூடும். வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை இது தனி அறையில், தனி இடுக்கியோடும் தனிக் கிண்ணத்தோடும் இருக்கும். கீழக்கரையில் பாம்பு வளர்க்கும் நண்பர் பார்க்க வருவதாகச் சொன்னபோது, இப்போது வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.